சூத்திரம் தேடப் போய் ஆக்டோபஸில் முடிகிறது. வழி சொல்லுங்கள்

நண்பர்களே, கல்லூரி வீட்டுப்பாடம் முழுக்க இணையத்தில்தான். நேற்று இரவு 8 மணிக்குப் புள்ளியியல் கணக்கைத் திறந்தேன். திட்டவிலக்கத்தின் சூத்திரத்தைத் தேடப் போனவன், 9:40க்கு ஆக்டோபஸின் மூன்று இதயங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். (மூன்றும் உண்மைதான்!) உலாவியில் 23 தாவல்கள், கணக்கு எதில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்கிற பொமோடோரோ முறையையும் பார்த்துவிட்டேன். அந்த 5தான் என்னிடம் 50 ஆகிவிடுகிறது. கைபேசியை அடுத்த அறையில் வைத்தால் பலன் உண்டு. ஆனால் பாடத் தளத்தில் நுழைவதற்கான ஒருமுறைக் கடவுச்சொல் அதற்குத்தானே வருகிறது!

தளங்களைத் தடுக்கும் செயலிகளை யாராவது பயன்படுத்துகிறீர்களா? காணொளித் தளத்தை மொத்தமாக மூடவும் முடியாது, விரிவுரைகள் அங்கேதான் இருக்கின்றன. வியாழக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும்.