15 வயது மகன், ஆன்லைன் சூதாட்டம்: போலிஸ் ரிப்போர்ட் கொடுக்கலாமா?

வணக்கம். சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். மகன் உயர்நிலை 3. ஜூன் விடுமுறையிலிருந்து போனில் ஒரு பந்தயத் தளத்தில் விளையாடி வந்திருக்கிறான். போன வாரம் இரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. பிடுங்கிப் பார்த்தால் வண்ணச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு உறையில் கிடைத்த அங்பாவ் அன்பளிப்புப் பணம் உட்பட 640 வெள்ளி போய்விட்டது. 20, 30 வெள்ளியாக பேநவ் (போனிலேயே உடனடியாக வங்கிப் பணம் அனுப்பும் சேவை) வழியே, ஒவ்வொரு முறையும் வேறு வேறு தனிநபர் பெயருக்கு.

வீட்டு ரவுட்டரில் அந்தத் தளத்தைத் தடுத்தேன். மறுநாளே வேறு முகவரியில் திறந்துவிட்டான். அவனே அனுப்பிய பணம், திருப்ப முடியாது என்கிறது வங்கி. பள்ளி ஆலோசகர் இரண்டு முறை பேசினார். அவர் முன்னால் நல்ல பிள்ளை, வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான்.

சட்டத்தையும் புரட்டினேன். 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குறைந்தபட்ச வயது 21 (உரிமம் பெற்ற லாட்டரி, பந்தய நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸின் கடைகளுக்கு மட்டும் 18). வீட்டில் சொந்தக்காரர்களோடு சீட்டு ஆடினால் பரவாயில்லையாம். ஆனால் அந்த வயது ஆகாதவர் இவனைப் போல ஆன்லைனில் சூதாடினால் அவரே குற்றவாளி. இதைப் படித்ததும் கை நின்றுவிட்டது. பணம் வாங்கியவர்களின் பெயர்கள், தேதிகள் எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்திருக்கிறேன்.

இப்படி ரிப்போர்ட் கொடுத்த பெற்றோர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: பிள்ளைமீது வழக்குப் போட்டார்களா, எச்சரித்து விட்டார்களா?