கொலையா, விபத்தா? குமரி மாவட்டத்தில் நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மலையோரத்தான்

பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்து ஆட்களுக்குப் பன்றித் தொல்லையை நான் விளக்க வேண்டியதில்லை. மரச்சீனிக் கிழங்கு போட்டவன் எவனும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து விளைக்காரர் கட்டுக்கம்பியைச் சுற்றிலும் இழுத்து, லைனில் கொக்கி போட்டுக் கரண்ட் விட்டிருந்தார். விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போன ஒருத்தர், நெற்றியில் லைட்டோடு குறுக்கு வழியாக இறங்கி அதில் மாட்டி இறந்துபோனார். பிரேத விசாரணைக்குப் பஞ்சாயத்தாராக என்னையும் நிற்க வைத்தார்கள்.

உடலைப் பார்த்ததுகூட அவ்வளவு மனதில் நிற்கவில்லை. கம்பியைத் தாங்கிய ஒவ்வொரு கம்பிலும் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, அதன்மேல்தான் கட்டியிருந்தார். ஒரு சுற்றுகூடக் கோணவில்லை. அவர் வீட்டிலிருந்து கிணற்றுக்குப் போகிற இடத்தில் மட்டும் கம்பியில் சிவப்புத் துணி தொங்கியது, பிள்ளைகள் தொட்டுவிடக் கூடாது என்று. பால் வெட்டுகிறவர்கள் இறங்குகிற பக்கம் துணி கிடையாது. இன்ஸ்பெக்டர் அதைப் போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டு, "இது எதுக்கு அண்ணே கட்டியிருக்கு?" என்று என்னைக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

கவனக்குறைவு வழக்குதான் வரும், ஸ்டேஷன் ஜாமீனிலேயே வந்துவிடுவார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே செய்தது என்று இந்திய தண்டனைச் சட்டம் 304 இரண்டாம் பகுதி போட்டு, மின்திருட்டுக்கு மின்சாரச் சட்டம் 135-ஐயும் சேர்த்து ரிமாண்ட் பண்ணிவிட்டார்கள். அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டிய துணியே அவருக்கு எதிராகப் போய்விட்டது. மனுஷன் பொல்லாதவரும் இல்லை. இறந்தவர் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக நிற்கிறவர். அவர் வீட்டு மைனி இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

டாரஸ் டிரைவர்

அண்ணே, உங்களுடையது வேலி, அவர் கட்டியது அவருக்குத் தெரியும். எங்களை மாதிரி ரோட்டில் கிடக்கிறவன் கதை வேறு. குழித்துறை தாண்டி லோடோடு ஏறிக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கில் ஒன்றுமே தெரியவில்லை, ஒரு குலுக்கல்கூட இல்லை. சைடு கண்ணாடியில் பார்த்தால் டீக்கடைக்காரர் ஒருத்தர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அதில்தான் எனக்குத் தெரிந்தது. ஸ்கூட்டர்காரர் ரோட்டில் சிந்திக் கிடந்த மணலில் சறுக்கிப் பின்சக்கரத்துக்குள் போயிருக்கிறார்.

கோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டேன். அந்த டீக்கடைக்காரர்தான் சாட்சி சொன்னார். ஆனால் எங்களுக்கு ஓடியது ஒரு குற்றம், நின்றால் அடி. 2024 ஜனவரியில் நாடு முழுக்க லாரிக்காரர்கள் ஸ்டிரைக் பண்ணினோமே, அது எதற்கு? ஆளை அடித்துவிட்டுச் சொல்லாமல் போனால் பத்து வருஷம் என்று, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(2) கொண்டுவந்தார்கள். மற்ற சட்டமெல்லாம் ஜூலை 1-ல் அமலுக்கு வந்தபோது அந்த ஒரு உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஓடுகிறவன் எல்லாம் தப்பிக்க ஓடுகிறான் என்று நினைக்காதீர்கள். கூட்டம் கூடினால் என்ன நடக்கும் என்று அந்த ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரியும்.

தோப்புக்காரன்

திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னை. வழக்கமாக வெட்டுகிறவர்தான் வந்தார். குலையில் அரிவாளை வைக்கும் முன்னே "மாறிக்கோ, மாறிக்கோ" என்று அவர் கத்தியது அடுக்களையில் இருந்த எனக்கே கேட்டது. அடுத்த வீட்டுப் பாட்டாவுக்குக் காது கேட்காது. ஓலை பொறுக்க வேலியைத் தாண்டி வந்திருக்கிறார். குலை அவர்மேல் விழுந்துவிட்டது.

எனக்கு மறக்காதது பாட்டா விழுந்தது இல்லை. வெட்டுகிறவர் மரத்தைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார். மட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அவர் எழும்பட்டும், அப்புறம் இறங்குகிறேன்" என்று அழுகிறார். ஆம்புலன்ஸ் வந்து பாட்டாவை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன பிறகும் மேலேயே இருந்தார். போலீஸ் வந்து கீழே நின்று நைசாகப் பேசித்தான் இறக்கினார்கள். சந்தேக மரணம் என்று எழுதி, விசாரித்து, விபத்து என்று முடித்துவிட்டார்கள். பாட்டாவின் மகனும் குறை சொல்லவில்லை. வெட்டுகிறவர் அதற்கப்புறம் மரம் ஏறவில்லை. இப்போது பெயின்ட் வேலைக்குப் போகிறார்.

பழைய குமாஸ்தா

பத்மநாபபுரம், இரணியல் கோர்ட்டுகளில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலத்தை ஓட்டியவன். என் அனுபவம் சின்னது. ஒரு வழக்கில் நீதிபதி குற்றவாளியைப் பார்த்து, "செத்துப்போவான்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அவன் "தெரியும் ஐயா, ஆனா சாவான்னு நினைக்கல" என்றான். அவன் வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த ஒரு வாய்தான் அவனை உள்ளே தள்ளியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால் மலையோரத்தானுக்குச் சொல்கிறேன், துணியை நினைத்து நீங்கள் குழம்ப வேண்டாம். சட்டம் மூன்று கேள்வி கேட்கும். கொல்லவேண்டும் என்று செய்தானா, ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே செய்தானா, பார்க்காமல் செய்தானா. இரண்டாவதுதான் 304 இரண்டாம் பகுதி, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 105. பத்து வருஷம் வரை போகும், செஷன்ஸ் கோர்ட்டு, ஜாமீன் லேசில் கிடைக்காது. மூன்றாவது பழைய 304ஏ, இரண்டு வருஷம் வரை. புதியதில் 106(1), ஐந்து வருஷமாக்கிவிட்டார்கள். 2024 ஜூலை 1-க்கு முன்னே நடந்த சம்பவமென்றால் பழைய சட்டம்தான், வழக்கு எப்போது நடந்தாலும் சரி. டியூபைச் சுற்றினவனுக்கு அந்தக் கம்பி என்ன செய்யும் என்று தெரியாது என எந்த வக்கீல் வாதாடுவார்?

விபத்து என்று தப்பிக்க ஒரு பிரிவு இருக்கிறது, பழையதில் 80, புதியதில் 18. ஆனால் செய்த வேலை சட்டப்படியான வேலையாக இருக்க வேண்டும், தகுந்த கவனத்தோடும் செய்திருக்க வேண்டும். தென்னையில் ஏறியவருக்கு இரண்டும் இருந்தது, கூப்பாடும் போட்டார். கொக்கி போட்டவருக்கு முதல் படியிலேயே வழுக்கும். 2023-லிருந்து சோலார் வேலிக்கே பதிவு வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது.

பிரிவு எதுவென்பதில் பெரிய இடத்திலும் சண்டைதான். போபால் விஷவாயு வழக்கை உச்ச நீதிமன்றம் 1996-ல் 304 இரண்டாம் பகுதியிலிருந்து 304ஏ-வுக்கு இறக்கியது. மும்பையில் 2006-ல் நடைபாதையில் தூங்கியவர்கள்மேல் குடித்துவிட்டுக் காரை ஏற்றி ஏழு பேரைச் சாகடித்தவனுக்கு, 2012-ல் அதே உச்ச நீதிமன்றம் 304 இரண்டாம் பகுதியை உறுதி செய்தது. தண்டனை மூன்று வருஷம். டிரைவர் தம்பிக்கும் ஒன்று: குற்ற வழக்கில் விடுதலை ஆனால் இழப்பீட்டு வழக்கும் போயிற்று என்று யாராவது சொன்னால் நம்பாதே. அது தனி. இறந்தவர் வீட்டார் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். அப்புறம் எல்லோருக்கும் பொதுவாக, போலீஸ் சம்பவ இடத்தில் எழுதுகிற மகஜரில் கையெழுத்துப் போடும் முன்னே முழுக்க வாசியுங்கள். வெற்றுத்தாளில் போடாதீர்கள். போலீஸ்காரர் அவசரப்படுத்தினாலும்...

மூத்தவள்

குமாஸ்தா ஐயா, போதும். இங்கே யாரும் பிரிவு எண் கேட்கவில்லை.

என் அப்பா கல்யாண வீட்டில் பந்தியில் இடம் பிடிக்கிற சண்டையில் செத்துப்போனார். சாகிற காரணமா அது? ஒரே ஒரு தள்ளு. மண்டபத்துப் படி விளிம்பில் பின்மண்டை இடித்தது. ஆட்டோவில் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தது தள்ளிவிட்ட அந்த ஆள்தான், எங்களுக்கு ஒருவழியில் சொந்தம். வழி முழுக்க "ஒண்ணும் இல்ல மாமா, ஒண்ணும் இல்ல மாமா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவன் வெள்ளைச் சட்டை முழுக்க அப்பாவின் ரத்தம். அந்தச் சட்டையையே போலீஸ் தடயமாக எடுத்துக்கொண்டது. கோர்ட்டில் அதைப் பிரித்துக் காட்டி அரசு வக்கீல் பேசியபோது, அடித்தபோது தெறித்த ரத்தம் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

முதலில் அடிதடி வழக்கு. அப்பா மூன்றாம் நாள் இறந்ததும் கொலை வழக்காக மாற்றினார்கள். தீர்ப்பில் கொல்லும் எண்ணம் இல்லை என்று இறக்கிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் எங்களை, "ஒரு தள்ளுக்காக ஒரு பையன் வாழ்க்கையைக் கெடுத்துட்டீங்களே" என்றார்கள். மீதிப் பேர், "இவ்வளவு லேசா விட்டுட்டீங்களே" என்றார்கள். மலையோரத்தான் அண்ணா, வேலிக்காரர் பொல்லாதவர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும் இல்லையா?

மலையோரத்தான்

இரண்டு பெண் பிள்ளைகள் அம்மா. மூத்தது அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நல்ல மனுஷன், கள் குடிக்கமாட்டார், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பாடுவார். எழுதாமல் விட்டது அவரை மறந்ததால் இல்லை. போலீஸ் என்னிடம் அவரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, துணியைப் பற்றித்தான் கேட்டார்கள். அதுவே மனதில் நின்றுவிட்டது.

தூத்தூர்க் கரை

நீங்கள் எல்லோரும் ஆளைத் தெரிந்து சண்டை போடுகிறீர்கள். வேலிக்காரர், டிரைவர், சொந்தக்காரன். எங்களுக்கு அந்த வசதியும் கிடையாது.

இரவில் வலை போட்டுவிட்டுப் படுத்திருந்தோம், ஒருத்தன் மட்டும் காவல். எங்கள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். சத்தம் முதலில் வரவில்லை. தெற்குப் பக்கம் நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. மேகம் என்று நினைத்தான் அவன். இரும்புச் சுவர் என்று தெரிந்தபோது கூப்பிட நேரமில்லை. கப்பல் போட்டை நெரித்துக்கொண்டு போனது, நிற்கவில்லை. மேலே ஒரு ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. யாரோ டீ குடித்துக்கொண்டிருந்திருப்பான் என்று நான் நினைத்துக்கொள்வேன். அவனுக்குத் தெரியுமா தெரியாதா? குமாஸ்தா ஐயாவின் மூன்று கேள்வியையும் யாரிடம் போய்க் கேட்பது?

2012 பிப்ரவரியில் இத்தாலிக் கப்பலிலிருந்து அந்த நாட்டுக் கடற்படை வீரர்கள் மீன்பிடிப் படகைச் சுட்டார்களே, இறந்த இரண்டு பேரில் ஒருவன் நம் மாவட்டத்துப் பையன். அவர்களும் கடல் கொள்ளைக்காரன் என்று நினைத்தோம் என்றுதான் சொன்னார்கள். கேரள போலீஸ் கொலை வழக்குப் போட்டது. கேரளாவுக்கு அதிகாரமில்லை என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியது. வீரர்களுக்கு விலக்கு உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது, நஷ்ட ஈடு கொடு என்று 2020-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் சொன்னது. பத்துக் கோடி வந்தது, 2021-ல் வழக்கை மூடினார்கள். கொலையா, தவறா என்று நம் நாட்டில் எந்த நீதிபதியும் கடைசிவரை சாட்சி கேட்டுத் தீர்ப்பு எழுதவில்லை. பணம் வந்ததே என்று கரையில் சொல்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் நான் பேசுவதில்லை.

பழைய குமாஸ்தா

மூத்தவள் அம்மா கோபப்பட வேண்டாம், வயசான ஆள், பேசிப் பழகிவிட்டது. தூத்தூர்த் தம்பி, கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே போகும் கருவி இருக்கிறது, ஏஐஎஸ் என்பார்கள். சம்பவ நேரத்தில் அந்த இடத்தைக் கடந்தது எது என்று அந்தப் பதிவில் வரும். கடலோரக் காவல் நிலையத்தில் அதைக் கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்தூர்க் கரை

கொடுத்தாச்சு ஐயா, ரசீதும் இருக்கிறது. அந்த நேரத்தில் அந்த வழியே மூன்று கப்பல் போயிருக்கிறது என்று பதில் வந்தது. மூன்றில் எது என்று கேட்டு அடுத்த மனு போட்டிருக்கிறோம்.