பள்ளி முன்னால் பறக்கும் வண்டிகள்: வேகத்தடை கேட்டால் போதுமா?

கேள்வி – ஆலமரத்தடி:
எங்கள் பேரூராட்சியில் மேல்நிலைப் பள்ளி வாசலை ஒட்டிப் போகும் சாலை 7 மீட்டர் தார், இரண்டு பக்கமும் மண். நடைமேடை கிடையாது. வண்டிகள் பறக்கின்றன. முன்பு நடந்தும் சைக்கிளிலும் வந்த பிள்ளைகளை, பெற்றோர் பயந்துபோய்த் தாங்களே பைக்கில் கொண்டுவந்து விடுகிறார்கள். அதனால் காலையில் வாசலில் நெரிசல் இன்னும் கூடுகிறது. இந்த ஆண்டு சாலையைப் புதிதாகப் போடப்போவதாகப் பேச்சு. யாரிடம், என்ன கேட்க வேண்டும்? மனுவில் வேகத்தடை என்று மட்டும் எழுதினால் போதுமா?

பதில் 1 – மைல்கல்:
முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள். மனுக்கள் தூங்கிப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் தப்பான அலுவலகத்துக்குப் போவதுதான். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லையென்றால் பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் கேளுங்கள். மாநில, மாவட்டச் சாலைகளுக்கு நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளரிடம் போக வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் பொதுவாக வேகத்தடைக்கு அனுமதி கிடைக்காது. அங்கே அதைக் கேட்டு மாதங்களை வீணாக்காதீர்கள்.

சாலை போடப்போகிறார்கள் என்றால் இதுதான் சரியான நேரம். வேலைக்கான செலவு மதிப்பீடு தயாராகும் முன்பே மனு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். டெண்டர் முடிந்த பிறகு கேட்டால் "மதிப்பீட்டில் இல்லை" என்ற ஒரு வரியோடு கதை முடிந்துவிடும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மதிப்பீட்டின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் பழைய தாரைச் சுரண்டி எடுக்கும் வேலை இருக்கிறதா என்று பாருங்கள். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் சாலை உயர்ந்து, மழைத் தண்ணீர் பள்ளிக்குள் போகும். நாளைக்கு நடைமேடை கட்டினாலும் அடுத்த இரண்டு முறையில் அது சாலைக்குச் சமமாகிவிடும்.

பதில் 2 – நாடாக்காரர்:
"வேகமாகப் போகிறார்கள்" என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். எண்ணோடு போங்கள். 50 மீட்டரை நாடாவால் அளந்து, இரண்டு முனையிலும் சாலையோரம் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். வண்டி ஒரு கோட்டிலிருந்து மற்றதைத் தொட எத்தனை நொடி என்று பாருங்கள். 180-ஐ அந்த நொடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும்: 6 நொடி என்றால் 30, 3.6 நொடி என்றால் 50. ஓர் ஆளே சாய்வாகப் பார்த்து இரண்டு கோட்டையும் கணித்தால் தப்பு வரும்; கோட்டுக்கு ஒருவர் நேரெதிரே நின்று கை காட்டட்டும்.

முன்னால் தடையில்லாமல் வரும் வண்டிகளை மட்டும், பள்ளி நேரத்தில் 50, மற்ற நேரத்தில் 50 என்று எடுங்கள். இரண்டையும் கலக்காமல் வரிசைப்படுத்தி, மெதுவான வண்டியிலிருந்து 85-ஆம் விழுக்காட்டில் (50-இல் 43-ஆவது வண்டி) இருக்கும் வேகத்தை எழுதுங்கள். பொறியாளர்கள் பார்க்கும் எண் அதுதான்.

கூடவே இந்தக் கணக்கையும் சேர்த்துவிடுங்கள். 7 மீட்டர் சாலையைக் கடக்க ஒரு சிறு பிள்ளைக்கு ஏறக்குறைய 8 நொடி. அந்த 8 நொடியில் 50-இல் வரும் வண்டி 111 மீட்டர் வந்துவிடும். 30-இல் வருவது 67 மீட்டர். கடக்கும் இடத்தில் நின்று 111 மீட்டருக்குப் பார்வை கிடைக்கிறதா என்று பாருங்கள். வளைவோ விளம்பரப் பலகையோ மறைத்தால் படம் எடுத்து மனுவோடு வையுங்கள்.

பதில் 3 – வரிக்குதிரை:
வேகத்தடை கேட்டால் அளவையும் எழுதிக் கேளுங்கள். இந்திய சாலைப் பேராய விதிப்படி வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். பல ஊர்களில் ஒன்றரை அடிக்குள் அரையடி உயரத்தில் மேடு போட்டு விடுகிறார்கள். அதில் பைக் தூக்கிப் போடும், கர்ப்பிணிகளை ஏற்றிய ஆட்டோ திணறும், ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் போகும். ஊர்க்காரர்களே ஜல்லி கொட்டி மேடு போடுவது வேண்டவே வேண்டாம். இரவில் ஒருவர் விழுந்தால் பொறுப்பு போட்டவர்கள் தலையில்தான்.

என் கருத்தில் இங்கே கேட்க வேண்டியது மேடையாக உயர்த்திய கடப்பிடம். மேடு வண்டியை மட்டும் மெதுவாக்கும். பிள்ளை எங்கே கடப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை. மேடையில் இரண்டும் கிடைக்கும். உச்சி தட்டையாக, நாலு பிள்ளைகள் சேர்ந்து நடக்கும்படி 3 மீட்டர். உயரம் 10 சென்டிமீட்டர் போதும். பேருந்து ஓடும் சாலையில் 15 போட்டால் ஓட்டுநர்களே எதிர்ப்பார்கள். இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டராவது சரிவு.

இதில் கெட்டுப்போவது தண்ணீர்தான். மேடையைச் சாலையின் ஓரம்வரை இழுத்தால் மழைநீர் அணை கட்டி நிற்கும். அடியில் சின்னக் குழாய் போட்டால் மண் அடைத்துக்கொள்ளும். ஓரத்தில் 30 சென்டிமீட்டர் வாய்க்கால் விட்டு, மேலே கழற்றக்கூடிய இரும்புச் சட்டம் போடச் சொல்லுங்கள். கம்பிகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும்; நீளவாக்கில் இருந்தால் சக்கரம் உள்ளே மாட்டும்.

ஆலமரத்தடி:
மிக்க நன்றி. மூன்றையும் சேர்த்தே மனு எழுதுகிறோம். வாசல் நெரிசலுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில் 4 – வரிக்குதிரை:
கடப்பிடத்துக்கு இரு பக்கமும் 10 மீட்டருக்குள் எந்த வண்டியும் நிற்கக்கூடாது. நிற்கும் வேனுக்குப் பின்னாலிருந்து வெளிவரும் பிள்ளை ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பலகை வைத்தால் மட்டும் நிறுத்துவது நிற்காது. அந்த இடத்தில் நடைமேடையைக் கொஞ்சம் சாலைக்குள் நீட்டிவிட்டால் நிறுத்த இடமே இருக்காது, கடக்கும் தூரமும் 7-இலிருந்து 6 மீட்டராகும். இரண்டு பேருந்து எதிரெதிரே போக அது போதும். உடனே கட்டச் சொல்லாமல், காவல் துறை அனுமதியோடு மணல் மூட்டையும் கூம்பும் வைத்து இரண்டு வாரம் சோதிக்கக் கேளுங்கள். ஒளிரும் பட்டை ஒட்டாத மூட்டை இரவில் ஆபத்து.

பைக்கில் வருபவர்கள் 150 மீட்டர் தள்ளி ஓர் இடத்தில் பிள்ளைகளை இறக்கட்டும்; அங்கிருந்து நடந்தால் இரண்டே நிமிடம். தலைமையாசிரியர் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால்தான் நடக்கும். அந்த 150 மீட்டரிலும் நடைமேடை இல்லையென்றால் யாரும் இறக்கமாட்டார்கள். அதனால் மனுவில் நடைமேடையை வாசலோடு நிறுத்தாமல் அதுவரை கேளுங்கள். தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாத உயரம். மின்கம்பம் நடுவில் வந்தால் அந்த 1.8 கணக்கில் சேராது.

மைல்கல்:
மனுவைத் திங்கள்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்சியர்தான் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். நெடுஞ்சாலைத் துறையும் காவல் துறையும் அந்த ஒரே மேசையில் உட்காரும். நகலைப் பொறியாளருக்கும் செயல் அலுவலருக்கும் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள்.