ஒன்றே முக்கால் வயதுக் குழந்தையின் முன்பல் முனை உடைந்துவிட்டது: திங்கட்கிழமை வரை காத்திருக்கலாமா?

நித்யா, கம்மனஹள்ளி, பெங்களூரு (சனிக்கிழமை இரவு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. இன்று மாலை சோபாவிலிருந்து இறங்கும்போது டீப்பாயின் விளிம்பில் முகம் மோதியதில், மேல் முன்பற்கள் இரண்டில் இடது பக்கப் பல்லின் கீழ்முனை உடைந்துவிட்டது. உதட்டின் உட்புறத்தில் வந்த ரத்தம், ஈரத்துணியை வைத்து அழுத்தியதும் நின்றுவிட்டது. மயக்கமோ வாந்தியோ இல்லை. சற்று நேரத்தில் விளையாடவும் தொடங்கிவிட்டான். ஆனால் உடைந்த துண்டு, வீடு முழுக்கக் கூட்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

விழப்போகிற பல்தானே, இதற்கு எதற்கு டாக்டர் என்கிறார் என் மாமியார். தொலைபேசியில் விசாரித்த ஒரு கிளினிக்கிலோ, பல்லைப் பார்க்காமலேயே ரூட் கேனால் செய்து கேப் போட வேண்டியிருக்கும் என்றார்கள். இவ்விரண்டில் எதை நம்புவது என்று தெரியவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை, திங்கள் வரை காத்திருக்கலாமா? துண்டை விழுங்கியிருந்தால் ஆபத்தா? அடிபட்ட பல் கறுத்துவிடும் என்கிறார்களே, அது பிறகு முளைக்கும் பல்லையும் கெடுக்குமா?

குழந்தைகள் பல் மருத்துவர், ஜெயநகர்

வணக்கம் நித்யா அவர்களே. மயக்கம், வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இன்றிரவு தோன்றினால் பல்லை மறந்துவிட்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அவை இல்லாதவரை, கீழே சொல்லும் சில விஷயங்களை வீட்டிலேயே பார்த்துவிட்டால் எவ்வளவு அவசரம் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

குழந்தையை உங்கள் மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலைமாட்டிலிருந்து குனிந்து, மேல் உதட்டை விரலால் மெல்ல உயர்த்திக் கைபேசி வெளிச்சத்தில் உடைந்த பரப்பைப் பாருங்கள். முழுவதும் வெள்ளையாக இருந்தால் வெளி எனாமல் மட்டுமே போயிருக்கிறது. கூர்மையான விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கினால் போதும். நடுவில் மஞ்சள் நிறம் தெரிந்தால் உள்ளிருக்கும் டென்டின் வரை உடைந்திருக்கிறது என்று பொருள். அதைக் கிளாஸ் அயனோமர் அல்லது காம்போசிட் எனும் பல் நிரப்பும் பொருளைக் கொண்டு மூடுவோம். நடுவே சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால், அல்லது அங்கிருந்து ரத்தம் கசிந்தால், நரம்பும் ரத்தக் குழாய்களும் இருக்கும் உட்பகுதி திறந்துவிட்டது. அப்படியானால் ஞாயிறாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அப்போதும்கூட, குழந்தை ஒத்துழைக்கும் அளவைப் பார்த்து, உட்பகுதியின் மேல்பாகத்தை மட்டும் அகற்றி மருந்திட்டு மூடும் சிகிச்சை பல நேரங்களில் போதுமானதாக இருக்கும். பல்லைப் பார்க்காமலும் எக்ஸ்ரே எடுக்காமலும் ரூட் கேனால் என்று தொலைபேசியிலேயே முடிவு சொல்வது சரியல்ல என்பதே என் கருத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வயதில் தாடை எலும்பு மென்மையாக இருப்பதால், அடிபட்ட பால் பல் உடைவதைவிட இடம் பெயர்வதே அதிகம். மேல்நோக்கி ஈறுக்குள் அழுந்திய பல், பார்வைக்கு முனை உடைந்து குட்டையாகிவிட்டது போலவே தோன்றும். பல்லின் கீழ்விளிம்பு பழையபடி சீராக இருந்து, பல் மட்டும் குட்டையாகத் தெரிந்தால் அது உடைந்த பல் அல்ல, உள்ளே தள்ளப்பட்ட பல். அவற்றில் பெரும்பாலானவை சில மாதங்களில் தாமே கீழிறங்கிவிடும் என்றாலும், விரைவில் மருத்துவர் பார்த்தாக வேண்டும். பல் வெகுவாக ஆடினாலோ, வாயை மூடும்போது கீழ்ப்பல் அதில் இடித்தாலோ அதுவும் அப்படியே.

துண்டை விழுங்கியிருந்தால் மலத்தோடு வெளியேறிவிடும். மூச்சுக்குழலுக்குள் போயிருந்தால்தான் சிக்கல். விடாத இருமலோ, மூச்சில் வீசிங் சத்தமோ, மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உதட்டில் காயம் இருப்பதால் துண்டு அதற்குள்ளேயே புதைந்திருக்கவும் கூடும். உதட்டை இரு விரல்களுக்கிடையே மெதுவாகத் தடவி, கெட்டியாக ஏதேனும் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். வீக்கம் வடியாமல் நின்றால் உதட்டுக்கும் ஒரு சிறிய எக்ஸ்ரே எடுப்போம்.

மாமியார் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பல் ஆறு, ஏழு வயதில் விழுந்துவிடும். ஆனால் அதன் வேருக்குச் சற்றுப் பின்னால், நிரந்தர முன்பல் இப்போதே எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதன் மேற்பகுதி முழுமையடைய நான்கு, ஐந்து வயது ஆகும். பலத்த அடியோ, கவனிக்காமல் விட்ட சீழோ அதைத் தொட்டால், பின்னாளில் முளைக்கும் பல்லில் வெள்ளை அல்லது பழுப்புத் திட்டுகள் தோன்றக்கூடும். முனை மட்டும் உடைந்த பல்லில் அந்த ஆபத்து குறைவு. எனாமல் மட்டும் போயிருந்து, பல் ஆடாமலும், குழந்தை இயல்பாகச் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தால் தாராளமாகத் திங்கள் வரை காத்திருக்கலாம்.

தாத்தா, ஸ்ரீராமபுரம்

அம்மா, பயப்பட வேண்டாம். எங்கள் பேத்திக்கும் இப்படி ஆனபோது, விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குத்தான் அழைத்துச் சென்றோம். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் அருகிலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. கன்னடம் வராதவர்கள் தமிழிலேயே பேசிச் சமாளித்துக்கொள்ளலாம். காலையிலேயே போய்விட்டால் வரிசை குறைவாக இருக்கும். அதுவரை வலி தெரியாமல் இருக்கப் பஞ்சில் கிராம்புத் தைலம் தொட்டு வைக்கலாம் என்பது என் யோசனை.

குழந்தைகள் பல் மருத்துவர், ஜெயநகர்

ஐயா, கல்லூரி மருத்துவமனை நல்ல யோசனை. கிராம்புத் தைலம் மட்டும் இந்த வயதில் வேண்டவே வேண்டாம். அது மென்மையான ஈறைப் பொசுக்கும். குழந்தை சிறிது விழுங்கினாலும் உடலுக்குத் தீங்கு செய்யும். பல் முளைக்கும்போது தடவுகிற மரத்துப்போகச் செய்யும் ஜெல்களும், ஆஸ்பிரினும் கூடாது. வலி இருப்பதாகத் தெரிந்தால், குழந்தை மருத்துவர் எடைக்கேற்ப ஏற்கெனவே சொல்லியிருக்கும் அளவில் பாராசிட்டமால் மருந்து கொடுத்தால் போதும்.

ஆர்த்தி, ஒயிட்ஃபீல்டு

தோழி, நிறம் மாறுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் மகளுக்குப் பல் உடையவில்லை, அடி மட்டும் பட்டது. சில வாரங்கள் கழித்து அந்த ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாகத் தெரியத் தொடங்கியபோது, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பல்லைப் பிடுங்கிவிடச் சொன்னார்கள். எங்கள் மருத்துவரோ, நிறம் மாறியது மட்டுமே பிடுங்குவதற்குக் காரணமாகாது, ஈறில்தான் கண் இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். குளிப்பாட்டும்போதெல்லாம் அவள் உதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே ஈறில் பரு போல ஏதேனும் கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பேன். எதுவும் வரவில்லை, சாம்பல் நிறமும் போகப்போக வெளிறி, இப்போது லேசான மஞ்சளாக நிற்கிறது. புகைப்படத்தில் தெரிகிறதே என்று உறவினர்கள் வருத்தப்படுவதற்கு மட்டும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

நித்யா, கம்மனஹள்ளி (திங்கட்கிழமை மாலை)

அனைவருக்கும் மிக்க நன்றி. விளிம்பு சாய்வாக உடைந்திருந்தது. நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு தெரிந்தது. உதட்டில் எதுவும் தட்டுப்படவில்லை. இன்று வீட்டுக்கு அருகிலேயே ஒரு குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டினோம். அவரும் நானும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே அமர்ந்து, மகனின் கால்கள் என் இடுப்பைச் சுற்றியிருக்க, தலை அவர் மடியில் சாய்ந்திருக்குமாறு படுக்கவைத்துப் பார்த்தார். முதலில் கத்தினாலும், என் முகம் கண்ணெதிரே இருந்ததால் விரைவில் அடங்கிவிட்டான். பல் ஆடவில்லை, வேரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, உடைந்த இடத்தை நிரப்பி மூடினார். ரூட் கேனால் என்ற பேச்சே எழவில்லை. ஈறுக்கு அருகே சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைக் கோடு இருப்பதாகவும், இரவுப் பால்பாட்டிலை நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார். அடிபட்டதற்கும் பாட்டிலுக்கும் என்ன தொடர்பு என்பது மட்டும் விளங்கவில்லை.

குழந்தைகள் பல் மருத்துவர், ஜெயநகர்

அந்த வெள்ளைக் கோடு சொத்தையின் முதல் அறிகுறி. பாலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்களின் எனாமல்தான் முதலில் வலுவிழக்கும். பால் பல்லின் எனாமல் ஏற்கெனவே மெல்லியது என்பதால், பிறகு சிறு இடியிலும் பெயர்ந்துவிடும், வைத்த நிரப்பியும் நிலைக்காது. பாட்டிலை ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால், படுக்கைக்குச் செல்லும் முன் டம்ளரில் பாலைக் கொடுத்துவிட்டு, பல் துலக்கியபின் தண்ணீர் மட்டும் கொடுங்கள். ஃபுளோரைடு உள்ள பற்பசையை ஓர் அரிசி அளவு மட்டும் எடுத்து, காலையிலும் இரவிலும் நீங்களே துலக்கிவிடுங்கள். அடிபட்ட பல்லையும் விட்டுவிடாமல் மென்மையான பிரஷ்ஷால் துலக்க வேண்டும். வலிக்குமென்று அங்கே மட்டும் அழுக்கைச் சேரவிட்டால் ஈறு ஆறாது. முறுக்கு, சீடை, கடித்துத் தின்னும் கெட்டிப் பழங்கள் ஓரிரு வாரத்துக்கு வேண்டாம். இட்லி, குழைந்த சாதம், தயிர் போன்றவை போதும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அதே மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். அதற்கு முன்பே ஈறில் பரு, வீக்கம், காய்ச்சல், அல்லது பல்லில் புதிதாக ஆட்டம் தெரிந்தால் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.