மறு: ‘நீதிமானாக்கப்படுதல்’ என்பதற்கு எளிய சொல்

குழுவினருக்கு வணக்கம்.

நம் சொற்கோவையின் இறையியல் பகுதிக்காக ‘நீதிமானாக்கப்படுதல்’ (ஆங்கிலத்தில் justification, கடவுள் பாவியை ஏற்றுக்கொள்வதைச் சொல்லும் கிறிஸ்தவச் சொல்) என்பதற்கு எளிய சொல் தேடும் இந்த இழையை நேற்று இரவுதான் முதலிலிருந்து படித்தேன். வந்திருக்கும் பரிந்துரைகள் எல்லாவற்றையும் தொடப்போவதில்லை. என்னை எழுத உட்காரவைத்தது இந்த ஒரு வரிதான்:

> வடசொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்ச்சொல்லைப் போட்டாலே இறையியல் பாதி எளிமையாகிவிடும்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘கிருபாதாரபலி’யை, அதாவது பாவத்துக்குப் பரிகாரமாகும் பலி என்ற சொல்லை, எடுத்துக்கொள்வோம். சபைகளில் இன்னும் வாசிக்கப்படும் 1871ஆம் ஆண்டுப் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் இருக்கும் சொல். வாயில் நுழைவதே கஷ்டம். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதே இடத்தில் ‘கழுவாய்’ என்று போட்டது. அருமையான சொல், புறநானூற்றிலேயே இருக்கிறது. கொடிய பாவங்களுக்குக்கூடக் கழுவாய் உண்டு, செய்த நன்றியைக் கொன்றவனுக்கு மட்டும் உய்தி இல்லை என்று 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் சொல்கிறார். ஆனால் முதல் முறையாக வேதத்தைத் திறக்கும் ஒருவரிடம் ‘கழுவாய்’ என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் கழுவுவீர்களா என்று அவரைக் கேட்பதாக நினைத்துக்கொள்வார். தனித்தமிழ்தான், சங்கத் தமிழ்தான், ஆனாலும் அகராதி வேண்டும்.

‘ஒப்புரவு’ இன்னும் சிக்கல். குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கே அதன் பொருள் ஊரோடு இசைந்து, பிறருக்கு உதவி வாழ்வது. சபைத் தமிழில் அது முறிந்த உறவு மறுபடி சேர்வது. திருக்குறள் படித்த ஒருவர் ‘ஒப்புரவாக்குதலின் ஊழியம்’ என்ற தொடரைப் பார்த்தால் ஏதோ சமூக சேவை என்று எடுத்துக்கொள்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. சிறு பிள்ளைகள் காய் விட்டுப் பழம் விடுவார்களே, அதுதான் விஷயம். அந்தப் படம் சொல்லுக்குள் தெரியவில்லை.

மறுபக்கம் ‘புத்திரசுவிகாரம்’, அதாவது மகனாகத் தத்தெடுப்பது. இன்று பூதம் மாதிரி நிற்கிறது. ஆனால் அது வந்த காலத்தில் சொத்து வழக்கு பார்த்த எவருக்கும் தெரிந்த பேச்சு. சுவீகாரம் போனவன் யார், அவனுக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் திண்ணையில் பேசப்பட்ட சங்கதி. வேதத்தில் பல நிருபங்களை எழுதிய அப்போஸ்தலன் பவுலின் காலத்து ரோமச் சட்டத்திலும் தத்து என்பது பெரும்பாலும் குழந்தைப் பாசத்துக்காக அல்ல, வாரிசுக்காக. வளர்ந்த ஆண்களைத்தான் தத்தெடுத்தார்கள். அதனால் அந்த மொழிபெயர்ப்பாளர்கள் கடினமான சொல்லைத் தேடிப் போகவில்லை. கச்சேரியில், அதாவது அந்தக் காலத்து நீதிமன்றத்தில், புழங்கிய சொல்லையே எடுத்தார்கள். நமக்குத்தான் கச்சேரி மாறிவிட்டது.

என் கட்சி இதுதான்: கடினம் வடமொழியில் இல்லை. சொல்லுக்குள் இருந்த காட்சி, அதாவது வழக்கோ கடனோ வீடோ, கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. அதை மறுபடி காட்டுகிற சொல்லைத்தான் தேட வேண்டும், எந்த வேர்ச்சொல்லாக இருந்தாலும் சரி.

இப்போது நம் சொல்லுக்கு வருகிறேன். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த நாட்களில் ‘நீதிமான்’ என்று கரும்பலகையில் எழுதிப் படம் வரையச் சொன்னேன். ஒரு பிள்ளை கொம்போடு மான் வரைந்து கொடுத்தது. சிரித்துவிட்டு விளக்கினேன். அப்புறம் யோசித்தால், பெரியவர்களின் மனத்தில் இருக்கும் படமும் அப்படி ஒன்றும் சரியாக இல்லை. அவர்கள் ‘நீதிமானாக்கப்படுதல்’ என்றால் கெட்டவன் நல்லவனாக மாற்றப்படுவது என்று புரிந்துகொள்கிறார்கள். ‘ஆக்கு’ என்ற வினை அப்படித்தான் சொல்கிறது. சோறு ஆக்கினால் அரிசி அரிசியாக இருக்காது.

ஆனால் மூலத்தில் உள்ள வினை நீதிமன்ற வினை. வேதத்தில் உபாகமம் 25:1ஐப் பாருங்கள். வழக்கு வரும்போது நியாயாதிபதிகள் நீதிமானை நீதிமான் என்று தீர்க்க வேண்டும், குற்றவாளியைக் குற்றவாளி என்று தீர்க்க வேண்டும். நியாயாதிபதி யாரையும் நல்லவனாக்குவதில்லை, இன்னார் இப்படி என்று அறிவிக்கிறார். லூக்கா 7:29 இன்னும் தெளிவு. அங்கே அதே கிரேக்க வினை கடவுள்மேல் வருகிறது, மக்கள் கடவுளை ‘நீதிமானாக்கினார்கள்’ என்று! கடவுளை யார் நல்லவராக்க முடியும்? பழைய மொழிபெயர்ப்பாளர்களும் அங்கே சுதாரித்துக்கொண்டு ‘அறிக்கையிட்டார்கள்’ என்று போட்டிருக்கிறார்கள்.

‘ஆக்கு’ நம் தவறு மட்டுமல்ல. லத்தீனிலும் அந்தச் சொல் ‘நீதியுள்ள’, ‘செய்’ என்ற இரண்டு துண்டுகளால் ஆனது. பழைய திருச்சபையின் பெரிய இறையியலாளரான அகஸ்டின் அதை ‘நீதியுள்ளவராகச் செய்தல்’ என்றே படித்தார். மேற்குத் திருச்சபை ஆயிரம் ஆண்டுக்கு மேல் அப்படியே படித்தது. 16ஆம் நூற்றாண்டில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் வந்து, விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்றார். ‘ஆக்கு’ என்று படித்தால் இந்த வாக்கியம் உளறல். ‘தீர்ப்பு’ என்று படித்தால் பளிச்சென்று புரிகிறது. வேடிக்கை என்னவென்றால், லூத்தர் வழி வந்த சபைகளும் தமிழில் ‘ஆக்கப்படுதல்’ என்றே வாசித்துக்கொண்டு, போதனையில் ‘அறிவிக்கப்படுதல்’ என்று விளக்கிக்கொண்டிருக்கின்றன.

பரிந்துரைகளுக்கு வருவோம்.

> குற்ற விடுவிப்பு

விடுவிப்பு என்றால் ‘குற்றம் நிரூபிக்கப்படவில்லை’. இங்கே குற்றம் நிரூபணமாகிவிட்டது, குற்றவாளியே ஒப்புக்கொள்கிறான். இயேசு சொன்ன கதையில், ஆலயத்தில் தூர நின்று மார்பில் அடித்துக்கொண்ட அந்த ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) ‘நான் செய்யவில்லை’ என்று சொல்லவில்லையே.

> மன்னிப்பு என்றே விட்டுவிடலாம்

மன்னிப்பு இதில் ஒரு பகுதி. ‘செய்தாய், போகட்டும், இனி என் முகத்தில் விழிக்காதே’ என்றும் மன்னிக்கலாம். இங்கே அதற்குமேல் ஒன்று நடக்கிறது: உள்ளே வா, உனக்கு இங்கே இடம் உண்டு என்கிறார்கள்.

> நேர்ப்படுத்தல்

இது ஆவணத்தில் வரிகளின் இரு ஓரத்தையும் நேராக்கும் பொத்தானுக்குப் போட்ட பெயர் மாதிரி இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் அப்படிச் செய்ய வேண்டுமா?

> இறையேற்பு

இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பொது மொழிபெயர்ப்பின் ‘கடவுளுக்கு ஏற்புடையவர்’ என்ற தொடரிலிருந்து வந்தது, சின்னச் சொல், இனிமையும்கூட. ஆனால் தொகையைப் பிரித்துப் பாருங்கள். இறைவன் ஏற்பதா, இறைவனை ஏற்பதா? உரையாசிரியர்கள் காட்டும் ‘புலிகொல் யானை’ கதைதான்: புலியைக் கொன்ற யானையா, புலி கொன்ற யானையா? வேறு இடமாக இருந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடுவேன். இங்கே யார் யாரை ஏற்றார் என்பதில்தான் போதனை முழுவதும் தொங்குகிறது. நாம் கடவுளை ஏற்றுக்கொண்டதால் காரியம் முடிந்தது என்று வாசகர் படித்துவிட்டால் பவுல் எழுதிய ரோமர் நிருபமே தலைகீழாகிவிடும்.

அதனால் என் பரிந்துரை: ஏற்புத் தீர்ப்பு. இரண்டும் பத்திரிகை படிக்கிற எவருக்கும் தெரிந்த சொற்கள். தீர்ப்பு என்றதும் நீதிமன்றம் கண்முன் வருகிறது, தீர்ப்புச் சொல்பவர் நாம் இல்லை என்பதும் தெரிகிறது, ஆக யானை யார் புலி யார் என்ற குழப்பம் இல்லை. ‘தீர்’ என்ற வேரைப் பாருங்கள்: வழக்குத் தீர்ந்தது, கடன் தீர்ந்தது, பகை தீர்ந்தது. ரோமர் 4இல் பவுல் நீதிமன்றத்திலிருந்து கணக்குப் புத்தகத்துக்குத் தாவி, ‘நீதியாக எண்ணப்பட்டது’ என்கிறார். அந்தத் தாவலையும் இந்த ஒரு வேர் தாங்கும்.

சொல்லுங்கள்.

அன்புடன்.

———

மறு: மறு: ‘நீதிமானாக்கப்படுதல்’ என்பதற்கு எளிய சொல்

தம்பிக்கு,

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, ஒரு கலைச்சொல் என்றால் பெயர், வினை, ஆள் மூன்றும் அதிலிருந்து பிறக்க வேண்டும். ஏற்புத் தீர்ப்பு பெயர், சரி. வினை? ‘நாம் தீர்க்கப்பட்டோம்’ என்பீர்களா? ஆளைத் தீர்த்துவிட்டார்கள் என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பிரசங்கத்தில் ‘அன்பானவர்களே, கடவுள் உங்களைத் தீர்த்துவிட்டார்’ என்று சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

இரண்டாவது, நான் கத்தோலிக்கன். எங்கள் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547இல் தெளிவாகச் சொன்னது: இது பாவமன்னிப்பு மட்டுமல்ல, உள்ளான மனிதன் தூய்மையடைந்து புதுப்பிக்கப்படுவதும்கூட. உங்கள் சொல் அறிவிப்போடு நின்றுவிடுகிறது. ‘ஆக்கு’ என்பதைத் தவறு என்று தள்ளினீர்கள். எங்களுக்கு அது தவறு இல்லை, பாதி உண்மை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இந்தப் போதனையைப் பற்றிக் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அவர்கள் நெருங்கி வந்த இடத்தில் நாம் ஒரு சொல்லைப் போட்டு மறுபடி வேலி கட்ட வேண்டாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். நீதிமொழிகள் 17:15 துன்மார்க்கனை நீதிமான் என்று தீர்ப்பவனைக் கர்த்தருக்கு அருவருப்பானவன் என்கிறது. கடவுள் அதையே செய்கிறார் என்று உங்கள் சொல் சொல்கிறது. வாசகர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

———

மறு: மறு: மறு: ‘நீதிமானாக்கப்படுதல்’ என்பதற்கு எளிய சொல்

ஐயா,

‘தீர்த்துவிட்டார்’ படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். தோற்றேன். வினைக்கும் ஆளுக்கும் ‘ஏற்பு’ பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்வோம்: ஏற்கப்படு, ஏற்கப்பட்டவர். செயப்பாட்டு வினையாக வருவதால் யார் ஏற்றார் என்ற குழப்பமும் இல்லை. ‘ஆயக்காரன் ஏற்கப்பட்டவனாக வீடு திரும்பினான்.’ வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், இடறவில்லை.

நீதிமொழிகள் கேள்விக்கு மழுப்ப மாட்டேன். நியாயாதிபதிக்கு விலக்கப்பட்டதைக் கடவுள் செய்கிறார் என்று பவுலே ரோமர் 4:5இல் துணிந்து சொல்கிறார். பக்தியில்லாதவனை நீதிமானாக்குகிறவர் என்பது அங்கே கடவுளுக்குப் பட்டம் மாதிரி வருகிறது. கேட்கிறவர் திடுக்கிட வேண்டும் என்றே அப்படிச் சொல்லியிருக்கிறார். அது எப்படி அநியாயம் ஆகவில்லை என்றால், குற்றத்தை மூடி மறைக்கவில்லை, கிறிஸ்து அதைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பதுதான் பதில். அந்தப் பதில் ‘கழுவாய்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது, இதற்குள் இல்லை. ஒரே சொல் எல்லாச் சுமையையும் தூக்க வேண்டாம். நம் ‘ஏற்பு’ அந்தத் திடுக்கிடலைச் சாகடிக்காமல் விட்டால் போதும். ‘நீதிமானாக்கப்படுதல்’ பழகிப் பழகி அதைத் தூங்கவைத்துவிட்டது.

திரெந்து பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ‘தவறு’ என்று எழுதியது என் அவசரம். ‘ஏற்புத் தீர்ப்பு’ சீர்திருத்தச் சபைகளின் பக்கம் சாய்கிறது என்பதும் உண்மை. அப்படியானால் தலைச்சொல்லாக வெறும் ‘ஏற்பு’ இருக்கட்டும், அது இரு பக்கமும் நிற்கும். ‘ஏற்புத் தீர்ப்பு’ அதன் கீழ் ஒரு வழக்காக வரட்டும். ‘ஏற்பு’ தனியாக நின்றால் வேறு துறைகளோடு மோதும் என்று ஏற்கெனவே ஒருவர் சொன்னார். சொற்கோவையில் ‘இறையியல்’ என்ற குறி இருப்பதால் மோதட்டும்.

பதிவு இப்படி இருக்கலாமா?

ஏற்பு (இறையியல்): குற்றவாளி என்று அறிந்தே, கிறிஸ்துவின் பொருட்டு, கடவுள் ஒருவரைத் தம்மோடு சரியான உறவில் நிற்பவராகச் சேர்த்துக்கொள்வது. வினை: ஏற்கப்படு. ஆள்: ஏற்கப்பட்டவர். சீர்திருத்தச் சபை வழக்கில், இதை அறிவிப்பாக வலியுறுத்தும்போது: ஏற்புத் தீர்ப்பு. கத்தோலிக்க வழக்கில் உள்ளான புதுப்பித்தலும் இதில் அடங்கும். பழைய சொல்: நீதிமானாக்கப்படுதல். காண்க: கழுவாய், ஒப்புரவு.

‘சரியான உறவில்’ என்ற இரண்டு சொல்லில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை. ‘தம்மவராக’ என்று மாற்றலாமா என்று பார்க்கிறேன். புதன் வரை யாரும் மறுக்காவிட்டால் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். ‘கழுவாய்’க்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன், புறநானூற்று உரை கையில் இருப்பவர்கள் அங்கே வாருங்கள்.