கழிவுநீரா, மாத்திரையா? புதிய போதைப்பொருளை முதலில் காட்டிக்கொடுப்பது எது?

நீர்க்கணக்கன்:
ஊரில் என்ன புழங்குகிறது என்று ஆளாளுக்குப் போய்க் கேட்கத் தேவையில்லை. சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் கழிவுநீரில் 24 மணி நேரக் கலவை மாதிரி எடுங்கள். செறிவை அன்றைய நீரோட்டத்தால் பெருக்கி, மக்கள்தொகையால் வகுத்தால் ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். 2005இல் இத்தாலியின் போ ஆற்றில் கோக்கைன் கணக்கு இப்படித்தான் வெளிவந்தது. 2011 முதல் ஐரோப்பிய நகரங்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் சேர்ந்தே அளக்கின்றன. சாக்கடை பொய் சொல்லாது.

குடுவை:
கோக்கைனுக்குச் சரி. இங்கே பேச்சு புதிய சரக்கைப் பற்றி. அது உடலில் என்னவாக உடைந்து, எவ்வளவு வெளியேறும் என்றே தெரியாதபோது உங்கள் சூத்திரத்தில், வெளியேறியதிலிருந்து உட்கொண்டதைக் கணிக்கும் திருத்தக் காரணிக்கு என்ன போடுவீர்கள்?

25ஐ-என்பிஓஎம்இ என்ற, எல்எஸ்டி போல மாயத்தோற்றம் தரும் செயற்கைப் போதைப்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை அளவு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. தாராளமாக 1 மில்லிகிராம் என்றே வைப்போம். 5 லட்சம் பேர் உள்ள ஊர், தலைக்கு 200 லிட்டர், ஆக 10 கோடி லிட்டர். அன்று 100 பேர் எடுத்தால் லிட்டருக்கு 1 நானோகிராம். அதுவும் ஈரல் தொடாமல் முழுசாக வெளியே வந்தால்தான்!

மாத்திரையைச் சோதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2014 டிசம்பர் சாட்சி. எக்ஸ்டஸி என்று விற்ற இளஞ்சிவப்பு 'சூப்பர்மேன்' மாத்திரையில் 170 மில்லிகிராம் அளவுக்கு பிஎம்எம்ஏ என்ற வேறொரு ஊக்கப்பொருள் இருந்ததை, வாங்கியவர்களே கொண்டுவந்து தரும் சரக்கைச் சோதிக்கும் நெதர்லாந்து மையங்கள் பிடித்தன. தொலைக்காட்சி வரை எச்சரிக்கை போனது, அங்கே சாவு இல்லை. பிரிட்டனில் 4 பேர் இறந்தார்கள். பிஎம்எம்ஏ மெதுவாக ஏறும். 'வேலை செய்யலையே' என்று இன்னொன்றைப் போடுவார்கள். அதில்தான் ஆபத்து.

நீர்க்கணக்கன்:
நல்ல உதாரணம். ஆனால் பரிசோதனைக்கு வருகிறவன் ஏற்கெனவே கவனமானவன். வராதவன் என்ன வாங்குகிறான் என்பது உங்கள் பதிவேட்டில் இருக்காது. தவிர, அகச்சிவப்பு ஒளியால் பொருளை அடையாளம் காணும், மேசைமேல் வைக்கிற எஃப்டிஐஆர் கருவி எடையில் ஏறக்குறைய 5 சதவீதத்துக்குக் கீழே உள்ளதைப் பார்ப்பதே சிரமம். பிளாட்டர் எனும் உறிஞ்சுதாளில் தடவிய என்பிஓஎம்இ அதற்கு வெறும் காகிதம்தான்.

குடுவை:
தாளுக்கு எஃப்டிஐஆர் யார் போடுவார்? எர்லிக் ரியேஜென்ட் எனும் நிறம் காட்டும் கரைசல் ஒரு சொட்டு. எல்எஸ்டி இருந்தால் ஊதாவாகும், என்பிஓஎம்இ-க்கு நிறம் மாறாது. மாறாவிட்டால், மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்ப வேண்டியதுதான்.

விஷமுறிவு:
அவசர சிகிச்சைப் பிரிவை இருவருமே விட்டுவிட்டீர்கள். அங்கே கையில் இருப்பது சிறுநீரில் போதைப்பொருள் இருக்கிறதா என்று காட்டும் ஸ்ட்ரிப். ஆம்பெட்டமைனுக்குச் செய்த ஆன்டிபாடி, கேத்தினோன்கள் எனும் ஆம்பெட்டமைன் போன்ற ஊக்கப்பொருள்கள் பலவற்றில் ஒட்டாது. நோயாளி 40 டிகிரி காய்ச்சலில் கொந்தளித்துக்கொண்டிருப்பார், ஸ்ட்ரிப் 'நெகட்டிவ்' என்னும். ஸ்வீடனில் ஸ்டிரைடா திட்டம் 2010 முதல் 2016 வரை இப்படிப்பட்டவர்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் நாடு முழுவதிலிருந்தும் ஒரே ஆய்வகத்துக்கு வரவழைத்தது. எந்தப் பொருள் என்ன அறிகுறி தருகிறது என்பது அதிலிருந்துதான் தெரியும். சாக்கடையும் சொல்லாது, மாத்திரையும் சொல்லாது.

இன்னொரு சிக்கல்: 3-எம்எம்சி, 4-எம்எம்சி எனும் கேத்தினோன்கள் இரண்டுக்கும் நிறை ஒன்றே, மாஸ் ஸ்பெக்கில் 178.12இல்தான் வரும். உடையும் துண்டுகளும் ஏறக்குறைய அதே. மாஸ் ஸ்பெக்கை மட்டும் நம்பி அறிக்கை எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். பொடி கையில் இருந்தால், அணுக்கள் எப்படி இணைந்துள்ளன என்று காட்டும் என்எம்ஆர் தீர்த்துவைக்கும். நெதர்லாந்தில் 2021 அக்டோபர் வரை 3-எம்எம்சி தடைப்பட்டியலில் இல்லை, 4-எம்எம்சி இருந்தது. மீத்தைல் எனும் ஒரு சிறு அணுத்தொகுதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில் வழக்கே நிற்கும்.

நீர்க்கணக்கன்:
பொடிக்கு ஒப்புக்கொள்கிறேன். கழிவுநீருக்கும் ஒரு நிபந்தனை: கேத்தினோன்கள் நடுநிலை நீரில் சிதையும், மாதிரியை எடுத்த கையோடு பிஎச் 2க்கு அமிலமாக்காவிட்டால் ஆய்வகத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனால் உயர் துல்லிய மாஸ் ஸ்பெக் தரவை அழிக்காமல் வைத்திருந்தால், இந்த ஆண்டு பெயர் தெரிந்த பொருளை இரண்டு ஆண்டு பழைய கோப்பிலும் தேடலாம். கரைந்துபோன மாத்திரையில் அது முடியுமா?

குடுவை:
இரண்டு ஆண்டு கழித்துத் தெரிவதற்கு முன்னெச்சரிக்கை என்று பெயர் வைக்காதீர்கள்.