பழைய காரில் எஞ்சின் ஃப்ளஷ்: டப்பாவைத் திறக்கும் முன் ஆயில் மூடியைத் திறங்க

(வட சென்னையின் பல பகுதிகளிலிருந்து ஆளுக்குக் கொஞ்சமாக எழுதியது. எழுதியவரின் ஊர்தான் தலைப்பு.)

தண்டையார்பேட்டை:
மாருதி 800, ஆல்ட்டோ, ஜென், சான்ட்ரோ என்று 15, 20 வருஷம் ஓடிய வண்டிகள் நம்ம பக்கத்துத் தெருக்களில் இன்னும் நிறைய நிற்கின்றன. அந்த வண்டிகளுக்கு, எஞ்சின் எண்ணெயில் கலந்து உள்ளே படிந்த கசடைக் கழுவும் 300 மில்லி ஃப்ளஷ் டப்பா வாங்கி வீட்டு வாசலிலேயே ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். ஊற்றலாம். ஆனால் எல்லா வண்டிக்கும் இல்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால், கசடு எப்படிச் சேர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ராயபுரத்திலிருந்து மின்ட் வரை, தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை வரை என்று மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடி அணைத்துவிடும் வண்டியில் எண்ணெய் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் பெட்ரோல் ஆவியும், எரியும்போது உண்டாகும் நீராவியும் வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிவிடும். இன்னொரு பக்கம், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் ஐடிலில் நின்றால் எஞ்சின் வேலை செய்கிறது, கிலோமீட்டர் காட்டும் மீட்டர் நகர்வதில்லை. மீட்டரைப் பார்த்து மட்டும் எண்ணெய் மாற்றுகிறவர்களின் வண்டியில்தான் கசடு அதிகம். இந்த ஓட்டத்துக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. அப்படி ஒழுங்காக மாற்றிவந்த எஞ்சினுக்கு ஃப்ளஷே தேவையில்லை.

வியாசர்பாடி:
தண்டையார்பேட்டை அண்ணே சொன்னதுக்கு அடுத்தது: ஊத்தறதுக்கு முன்னாடி உள்ள பாருங்க. எஞ்சின் ஆறினதும் ஆயில் ஊத்தற மூடியத் திறந்து டார்ச் அடிங்க. வால்வத் திறந்து மூடற கேம் ஷாஃப்ட், ராக்கர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒரு வெள்ளைத் துணிய விரல்ல சுத்தி, கை எட்டற இடத்துல தேச்சுப் பாருங்க.

இரும்பு மேல தேன் நிறத்துல, பழுப்பா ஒரு பூச்சு இருந்து, துணியில லேசா ஒட்டினா அது வார்னிஷ். ஃப்ளஷ் போடலாம், பலன் இருக்கும். கறுப்பா, வழவழன்னு மெல்லிசா படிஞ்சிருந்தா போடலாம், ஆனா அளவைக் குறைச்சு, ஃபில்டர ரெண்டு தடவை மாத்தற கணக்குல இறங்கணும். கட்டிக் கட்டியா, நகத்தால சுரண்டினா பெயர்ந்து வர்ற மாதிரி இருந்தா டப்பாவ மூடி வெச்சுடுங்க. அந்தக் கட்டி கரையாது, உடையும். உடைஞ்சது எஞ்சினுக்கு அடியில எண்ணெய் நிக்கற தொட்டியான சம்ப்புல இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சற வாயில இருக்கிற ஸ்ட்ரெய்னர் சல்லடைய அடைச்சுடும். சல்லடை அடைச்சா பம்ப்புக்கு எண்ணெய் வராது, பேரிங் போயிடும். ஒரு டப்பாவுல மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினப் பிரிக்கிற அரை எஞ்சின் வேலையில நிக்கும்.

அந்த மாதிரி வண்டிக்கு வழி கைவேலைதான். எஞ்சின் மேல்மூடியான டேப்பட் கவரக் கழட்டி, பிளாஸ்டிக் தகட்டால சுரண்டி எடுக்கணும். எண்ணெய் கீழ இறங்கற ஓட்டைகள்ல முதல்லயே துணி திணிச்சு வெச்சுக்கணும், இல்லன்னா சுரண்டினதெல்லாம் கீழதான் போகும். பிறகு சம்ப்ப இறக்கி ஸ்ட்ரெய்னரக் கழுவணும். ரெண்டுக்கும் புது கேஸ்கெட்.

மூடிக்கு அடியில பால் காபி நிறத்துல நுரை இருந்தா அது வேற கதை. மழைக்காலத்துல, கிட்ட கிட்ட ஓடற வண்டியில மூடியில மட்டும் கொஞ்சம் இருக்கும், பெரிசா ஒண்ணுமில்ல. எண்ணெய் மட்டம் பாக்கற கம்பியான டிப்ஸ்டிக்லயும் அதே நிறம்னா தண்ணி கலந்திருக்கு. ஹெட் கேஸ்கெட்டா இருக்கலாம், இல்ல கணேசபுரம் சப்வே மாதிரி இடத்துல தேங்கின தண்ணியில இறங்கின வண்டியா இருக்கலாம். ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது. ஃப்ளஷ் தண்ணிய எடுக்காது.

கொளத்தூர்:
செய்முறையை நான் எழுதுகிறேன். உதாரணத்துக்கு 3 லிட்டர் சுமாருக்கு எண்ணெய் பிடிக்கும் சின்ன மாருதி எஞ்சின்.

முதலில் அளவு. 300 மில்லி டப்பாக்களில் பலவும் 5 லிட்டர் எண்ணெய் வரைக்குமானவை. லிட்டருக்கு 60 மில்லி. 3 லிட்டர் எஞ்சினுக்கு 180 மில்லி போதும். வாங்கியாச்சே என்று முழு டப்பாவையும் கவிழ்த்தால் எண்ணெய் தேவைக்கு மேல் நீர்த்துப்போகும். உங்கள் டப்பாவில் வேறு கணக்கு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கோடு போட்ட அளவுக் குவளை ஒன்று இதற்கென்றே தனியாக இருக்கட்டும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். குறைந்த எண்ணெயில் ஃப்ளஷ் ஊற்றுவதுதான் மிக மோசம்.

புது எண்ணெய், புது ஃபில்டர், எண்ணெய் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் மூன்றும் கையில் வந்த பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். ஊற்றிவிட்டு ஃபில்டர் வாங்கக் கடைக்குப் போக முடியாது, ஃப்ளஷ் கலந்த எண்ணெயோடு வண்டியை ஓட்டவும் கூடாது. பழைய மாருதிகளில் பெரும்பாலும் 17 நம்பர் ரிங் ஸ்பானர் ட்ரெயின் போல்ட்டில் உட்காரும். ஓப்பன் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கும்.

வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கிச் சமதளத்தில் நிறுத்துங்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்குக் கல். எஞ்சினை அணைத்துவிட்டு ஃப்ளஷை ஊற்றி மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஏசி வேண்டாம். வெறும் ஐடிலில் 10 நிமிஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்து. ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது, ஏனென்றால் அந்த நேரத்தில் எண்ணெய்ப் படலம் மெலிந்திருக்கும். ஒரு கண் ஆயில் லைட்டில் இருக்கட்டும். மினுக்கினாலோ, மேலே டக் டக் என்று டேப்பட் சத்தம் புதிதாகக் கேட்டாலோ உடனே அணைத்து வடித்துவிடுங்கள். நம்ம பக்கம் கார் ஷெட் பாதிக்கு மேல் மூன்று பக்கம் சுவர்தான். அதற்குள் வைத்து ஓடவிடாதீர்கள், சைலன்ஸர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு வாசனை காட்டாமல் ஆளை வீழ்த்தும். வாசலில், காற்றோட்டத்தில் செய்யுங்கள்.

அணைத்த உடனே, சூட்டோடு வடிக்க வேண்டும். ஆறவிட்டால் கரைந்த அழுக்கு மறுபடி அடியில் உட்காரும். சூடான எண்ணெய் கையைச் சுடும் என்பதால் கையுறை கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வைத்த பிறகுதான். அரை மணி நேரம் சொட்டவிடுங்கள். அதன் பிறகும் எஞ்சினின் மூலை முடுக்குகளில் கொஞ்சம் எண்ணெய் தங்கும், அதில் ஃப்ளஷும் இருக்கும். அதனால் விலை குறைந்த எண்ணெய் ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றி, ஸ்டார்ட் செய்யாமல், அப்படியே போல்ட் வழியாக வடியவிடுவது நல்லது.

ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது எண்ணெய் தடவுங்கள். வளையம் தொட்டதிலிருந்து கையால் முக்கால் சுற்று, அவ்வளவுதான். பழைய ஃபில்டரின் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். ட்ரெயின் போல்ட் 35 நியூட்டன் மீட்டர் அளவு. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் வாஷர் நசுங்கி உட்காரும் வரை இறுக்கினால் போதும், ஸ்பானர் மேல் காலை வைக்க வேண்டாம். புது எண்ணெய் மேனுவலில் உள்ள கிரேடிலேயே. ஸ்டார்ட் செய்து சில நொடிகளில் ஆயில் லைட் அணைய வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்து அணைத்து, மட்டம் பார்த்து நிரப்புங்கள். இந்த எண்ணெயை முழுக்காலம் ஓட்டாமல் 1,000 கிலோமீட்டரிலேயே ஃபில்டரோடு மாற்றிவிடுங்கள். மிச்சக் கசடு அதில்தான் வரும்.

திருவொற்றியூர்:
மண்ணெண்ணெய், டீசல் ஊற்றிக் கழுவுவது பற்றி யாரும் எழுதவில்லை. நம்ம ஏரியாவில் அரை லிட்டர் டீசல் ஊற்றி ஐந்து நிமிஷம் ஓடவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பாகங்களுக்கு நடுவே இடைவெளி அதிகமான அந்தக் காலத்து எஞ்சின்கள் அதைத் தாங்கின என்பதும் உண்மை. ஆனால் 3 லிட்டர் எண்ணெயில் அரை லிட்டர் டீசல் கலந்தால் பேரிங்கில் நிற்க வேண்டிய படலம் நிற்காது. கடையில் விற்கும் ஃப்ளஷிலும் அடிப்படை கரைப்பான் பெட்ரோலியத்திலிருந்து எடுத்ததுதான். கூடவே அழுக்கைத் துகளாக மிதக்கவைக்கும் டிடர்ஜென்ட் இருக்கும், நல்ல தயாரிப்பில் தேய்மானம் தடுக்கும் மருந்தும் இருக்கும். டீசலில் அதெல்லாம் கிடையாது. பெயர்த்த அழுக்கை அது பெரிய துண்டாகவே விட்டுவிடும். டீசல் வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு.

பெரம்பூர்:
வடித்த பிறகு ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். தகர வெட்டியால் வாய்ப்பக்கத்தை வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்துப் பாருங்கள். ரம்பம் போட்டால் இரும்புத் தூள் விழுந்து குழப்பும். கறுப்புக் குருணை என்றால் கார்பன், கவலையில்லை. மினுமினுப்பு இருந்தால் காந்தம் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மினுங்கினால் பேரிங் உலோகமாக இருக்கலாம், அப்போது மெக்கானிக்கிடம் ஆயில் ப்ரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃப்ளஷ் போட்ட பிறகு எண்ணெய் ஒழுகுகிறது என்ற புகார் நிறைய வரும். காய்ந்து விறைத்துப்போன ஆயில் சீலில் வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தக் கசடுதான். கசடு போனதும் சீலின் உண்மை நிலை தெரிகிறது. டேப்பட் கவர் கேஸ்கெட் என்றால் சின்ன வேலை. பழைய 800, ஆல்ட்டோ எஞ்சின்களில் கேம், கிராங்க் முன்பக்கச் சீல் ஒழுகினால்தான் ஆபத்து, ஏனென்றால் கிராங்கையும் கேமையும் இணைத்து ஓட்டும் டைமிங் பெல்ட் மேல் எண்ணெய் விழும். எண்ணெய் குடித்த ரப்பர் பெல்ட் சீக்கிரம் போகும். அதனால் ஃப்ளஷ் போட்ட இரண்டு வாரத்துக்குள் டைமிங் கவரின் அடிப்பக்கத்தைத் துடைத்து, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீலப் புகைக்கு ஃப்ளஷ் மருந்தா என்று கேட்பவர்களுக்கு: காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகை வந்து நின்றால் அது வால்வ் சீல், கழுவினால் மாறாது. ஓட்டத்தில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். ரிங் தேய்ந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கார்பனில் சிக்கி நின்றிருந்தால் கொஞ்சம் இளகலாம், ஆனால் 10 நிமிஷத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

டீசல் வண்டியில் புது எண்ணெய் இரண்டு நாளில் கறுப்பாகும், அது புகைக்கரி. அந்த நிறத்தை வைத்து ஃப்ளஷ் வேண்டும் என்று முடிவெடுக்காதீர்கள். டர்போ உள்ள வண்டியில் கசடு துண்டு மெல்லிய எண்ணெய்க் குழாயை அடைத்தால் டர்போ போகும். அதை வீட்டில் செய்யாமல் இருப்பதே நல்லது.

மாதவரம்:
சிலர் பெட்ரோல் டேங்கில் ஊற்றும் மருந்தையும் எஞ்சினில் ஊற்றும் மருந்தையும் ஒன்றாக நினைக்கிறார்கள். டப்பாவை மாற்றி ஊற்றிவிடாதீர்கள் சார். டேங்க் மருந்து இன்ஜெக்டர் முனையையும் இன்டேக் வால்வின் பின்பக்கக் கரியையும் கழுவ. வாங்கும்போது கரியைக் கழுவும் பாலிஈதர் அமீன் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். 300 மில்லி, 75 லிட்டர் வரைக்கும் என்று போட்டிருந்தால் ஆல்ட்டோவின் 35 லிட்டர் டேங்குக்கு 140 மில்லி. ரிசர்வில் இருக்கும்போது ஊற்றி, பங்க்கில் முழுக்க நிரப்பினால் தானாகக் கலக்கும். பிறகு மூலக்கடைக்கும் பெரம்பூருக்கும் இடையே உருட்டாமல், மாதவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஒரு ஓட்டம் கொடுங்கள்.

இரண்டும் செய்வதாக இருந்தால் டேங்க் மருந்துதான் முதலில். அது எரியும்போது கொஞ்சம் ரிங் வழியாக எண்ணெயில் இறங்கும். டேங்க் தீர்ந்ததும் எஞ்சின் ஃப்ளஷ், எண்ணெய் மாற்றம் என்று போனால் அதுவும் சேர்ந்து வெளியேறிவிடும்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்தவை அல்ல. எத்தனாலே டேங்கின் அடி அழுக்கைக் கிளப்பும், மருந்தும் சேர்ந்தால் இன்னும் அதிகம். பிக்கப் விழுந்து, மிஸ்ஸிங் வந்தால் மருந்தைக் குறை சொல்லும் முன் பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள். குழாயை மடக்கிப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், பெட்ரோல் கசிவு விளையாட்டல்ல. கார்புரேட்டர் 800-க்கு டேங்க் மருந்தால் பெரிய பலன் இல்லை. கார்புரேட்டரைக் கழற்றி பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை ஊதிக் கழுவுவதுதான் வேலை.

எண்ணூர்:
வடித்த எண்ணெயைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். தயவுசெய்து வாசல் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம்ம பக்கத்து வடிகால்கள் போய்ச் சேருவது பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது படகும் வலையும் என்ன ஆயின என்று மீனவக் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். பழைய எஞ்சின் ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. புது எண்ணெய் வந்த கேனிலேயே ஊற்றி மூடி, கழிவு எண்ணெய் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். ஃப்ளஷ் கலந்தது என்று கேன் மேல் எழுதிவிடுங்கள், அது சீக்கிரம் தீப்பற்றும். கேட்டுக்கோ செயினுக்கோ தடவ எடுத்துவைக்கவும் வேண்டாம். ஃபில்டரைக் குப்பையில் போடும் முன் ஒரு இரவு முழுக்கக் கவிழ்த்து வடியவிடுங்கள், அதிலும் கால் லிட்டருக்குப் பக்கத்தில் தங்கியிருக்கும்.

கொளத்தூர்:
எண்ணூர் அண்ணன் சொன்ன கேன் ஒன்று மட்டும் போதாது, காலி கேன் இன்னொன்றையும் முதலிலேயே பக்கத்தில் வையுங்கள். பழைய எண்ணெய் 3 லிட்டர், ஃப்ளஷ் 180 மில்லி, கழுவ ஊற்றியது 2 லிட்டர் என்றால் வடிவது 5 லிட்டரைத் தாண்டும். அடியில் வைக்கும் தட்டு 8 லிட்டராவது பிடிக்க வேண்டும்.